கிரீன்லாந்துக் கயாக் துடுப்பு: ஒரே பலகையில், கைக்கருவிகளால் செய்வது எப்படி?

நீர்க்கோடு

வணக்கம். கிரீன்லாந்துக் கயாக்குக்கு உரிய ஒல்லியான, நீளமான துடுப்பை ஒரே பலகையிலிருந்து கையால் செய்ய வேண்டும். பலகை வாங்கியாயிற்று: செஞ்சீடர் (இலகுவான மென்மரம்), 38-க்கு 89 மி.மீ., நீளம் 8 அடி. என் உயரம் 170 செ.மீ., கயாக்கின் அகலம் 55 செ.மீ. கைவாள், சின்ன இழைப்புளி, ஸ்போக்‌ஷேவ் (வளைவுகளைச் சீவும் இரு கைப்பிடிக் கருவி), மர அரம் இருக்கின்றன. பேண்ட்சா (பட்டை வாள் இயந்திரம்) கிடையாது.

கிடைக்கும் வரைபடங்களில் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நீளம், பிடி, அலகின் (இரு முனையிலும் நீரைத் தள்ளும் தட்டைப் பகுதி) அகலம் மூன்றையும் எப்படி முடிவு செய்வது? எதை முதலில் அறுப்பது?

தச்சுமேடை

ஒத்துப்போகாததற்குக் காரணம், இந்தத் துடுப்புக்குப் பொது அளவு என்று ஒன்று இல்லை. துழாவுகிறவரின் உடம்புதான் அளவுகோல். வரைபடத்தில் இருப்பது வேறொருவருடைய கை.

நீளத்துக்கு வழக்கமான கணக்கு: இரு கைகளையும் விரித்த நீளம், அதோடு முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரையான நீளம். நம் பேச்சில் ஒரு பாகமும் ஒரு முழமும். நம் கடற்கரையில் கயிற்றையும் ஆழத்தையும் பாகத்தில் அளப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உங்கள் உயரத்துக்குப் பாகம் ஏறக்குறைய 170, முழம் 46. ஆக 216 செ.மீ. ஆனால் உயரத்தை வைத்து ஊகிக்காதீர்கள். சுவரோடு நின்று கையை விரித்து, இரு நுனியிலும் பென்சிலால் குறித்து அளந்து பாருங்கள். ஒரே உயரக்காரர்களுக்குள்ளேயே சில செ.மீ. கூடும், குறையும்.

பிடி என்று நான் சொல்வது நடுவில் உள்ள உருண்டைப் பகுதியை. ஒரு துடைப்பக் கம்பை எடுத்துத் துழாவும் பாவனையில் தோளகலத்துக்குப் பிடித்துப் பாருங்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிடியின் கடைசியில் இருக்க, மற்ற மூன்று விரல்கள் அலகின் அடியில் படிய வேண்டும். உங்கள் கயாக்குக்கு 50 செ.மீ. சரியாக வரும். மீதி 166-இல் பாதி, ஓர் அலகுக்கு 83.

அலகின் அகலத்தைக் கையே சொல்லும். விரல்களை 'ப' வடிவில் மடக்கி அலகை ஓரத்தோடு ஓரமாகக் கவ்வ முடிய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 80 முதல் 90 மி.மீ.க்குள் அடங்கும். உங்கள் பலகையில் 86 எடுக்கலாம். பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. இழைத்துச் சுத்தம் செய்ய மிஞ்சும். கவ்வ முடிவது ஏன் முக்கியம் என்றால், இந்த முறையில் கை பிடியிலேயே நிற்பதில்லை. கவிழ்ந்து எழும்போதும் அகலமாகத் திருப்பும்போதும் துடுப்பை ஒரு பக்கமாக நீட்டி, மறுபக்க அலகையே பிடித்துக்கொள்கிறோம். கைக்கு அடங்காத அலகில் அது நடக்காது.

பிடியின் குறுக்குவெட்டு 32-க்கு 38. 38 என்பது பலகையின் கனம், அதைத் தொடாதீர்கள். விசை அந்தத் திசையில்தான் வரும், அந்தப் பக்கம் கனமாக இருந்தால்தான் வளையாது.

மரவரி

அறுப்பதற்கு முன் பலகையைப் பாருங்கள். துடுப்பு உடைந்தால் பெரும்பாலும் பிடியும் அலகும் சேரும் இடத்தில்தான் உடையும், அதுவும் ரேகை (மர நாரின் ஓட்டம்) சாய்ந்து ஓடி வெளியேறிய இடத்தில்.

நல்ல பலகையில் ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பலகையோடு இணையாகப் போகும். விமானத்துக்கான ஸ்ப்ரூஸ் மரத்துக்கே 15-க்கு 1 சாய்வுதான் எல்லை: 15 செ.மீ. போவதற்குள் 1 செ.மீ.க்கு மேல் விலகக் கூடாது. துடுப்பின் நடுப்பகுதிக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற கோடுகள் சில முகங்களில் ஏமாற்றும். கழிவாகப் போகப்போகும் மூலையிலிருந்து ஒரு சிராயை உளியால் பிளந்து இழுத்துப் பாருங்கள். அது நேராக வந்தால் நார் நேராக இருக்கிறது. ஓரத்துக்கு ஓடி அறுந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

முனையில் ஆண்டு வளையங்களைப் பாருங்கள். அவை அகல முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் மிக நல்லது: பலகை குழிந்து வளையாது, இழைக்கும்போது சமமாகச் சீவும். மரத்தின் நடுநெட்டி தெரிந்தால் விட்டுவிடுங்கள், காயும்போது அங்கே பிளக்கும். அலகின் நடுவில் சுண்டுவிரல் நகத்தளவு இறுக்கமான கணு இருந்தால் பரவாயில்லை. பிடியிலும் அதன் இரு பக்கமும் ஒரு சாண் தூரத்துக்கும் கணுவே கூடாது. இன்னொன்று, கட்டுமானப் பலகை 19 சதவீதம் வரை ஈரத்தோடு வரலாம். வீட்டுக்குள் குச்சிகளின் மேல் படுக்கவைத்துச் சில வாரம் ஆறவிடுங்கள்.

தேக்கில் செய்யலாமா என்று யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். செஞ்சீடர் கன மீட்டருக்குச் சுமார் 370 கிலோ, சிட்கா ஸ்ப்ரூஸ் 425 அளவில், தேக்கு 650 அளவில். சீடரில் 800 கிராம் வரும் துடுப்பு தேக்கில் 1.4 கிலோ ஆகிவிடும். ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை தூக்கி இறக்கும் பொருளுக்கு அந்த 600 கிராம் தாங்காது. கிரீன்லாந்தில் துடுப்புக்கு ஏற்ற மரம் வளர்வதில்லை. சைபீரிய ஆறுகள் கடலில் தள்ளிய லார்ச், ஸ்ப்ரூஸ், பைன் கட்டைகள் பனியோடு மிதந்து வந்து கரையொதுங்கும், அதில்தான் செய்தார்கள். மென்மரம் பனிக்கட்டியில் உரசித் தேயும் என்பதால் நுனியிலும் ஓரத்திலும் எலும்பு பதித்தார்கள். மரத்தை இலகுவாக வைத்து, தேயும் இடத்தை மட்டும் கடினமாக்கும் அந்த யோசனை இன்றைக்கும் பொருந்தும்.

செஞ்சீடர்த் தூள் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி இல்லாமல் வேலை செய்யாதீர்கள்.

நீர்க்கோடு

சிராய் நேராகவே வந்தது. வளையங்கள் அகல முகத்துக்கு ஏறக்குறைய 70 பாகை சாய்வில் நிற்கின்றன. அளந்ததில் பாகம் 173, முழம் 46. எனவே 219 செ.மீ. என்று எடுத்துக்கொள்கிறேன். அடுத்து கோடு போடும் வரிசை வேண்டும்.

தச்சுமேடை

70 பாகை நல்ல பலகை. 219 என்றால் பிடி 50, அலகு 84.5.

இந்த வேலையில் உளியை விடப் பென்சிலுக்கே மதிப்பு அதிகம். மையக்கோடு எந்த நேரத்திலும் தொலையக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் கோடு அழியப்போகிறது என்று முன்பே யோசிக்க வேண்டும்.

முதலில் இரு அகல முகங்களிலும் நீளவாக்கில் மையக்கோடு. நூல் பிடித்துத் தட்டுங்கள், பலகையின் ஓரத்தை நம்பி இழுக்க வேண்டாம். நீளத்தின் நடுவில் மூலைமட்டம் வைத்துக் குறுக்குக்கோடு, அதை நான்கு பக்கமும் சுற்றி வரையுங்கள். அதிலிருந்து இரு பக்கமும் 25 செ.மீ. பிடியின் எல்லை. பிடியில் மையக்கோட்டின் இரு பக்கமும் 16 மி.மீ. தோளில் (பிடி முடிந்து அலகு தொடங்கும் இடத்துப் புடைப்பு) 22, அதாவது மொத்தம் 44. நுனிக்கு 8 செ.மீ. முன்னால் 43, மொத்தம் 86. தோளிலிருந்து அந்தப் புள்ளிக்கு நேர்க்கோடு. நுனியை ஒரு அட்டையில் வளைவாக வெட்டி அந்த அட்டையாலேயே இரு நுனியையும் வரையுங்கள். அட்டையின் பாதியை மட்டும் வெட்டி, புரட்டி வைத்து வரைந்தால் இடமும் வலமும் ஒன்றாக இருக்கும்.

இந்த வடிவத்தை முதலில் அறுங்கள், கனத்தைத் தொடாதீர்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அகல வடிவம் அறுத்து முடிந்ததும் புதிய பக்கவாட்டுகள் கிடைக்கும். இரு முகங்களும் இன்னும் தட்டையாக, இணையாக இருக்கும் அந்த நேரத்தில்தான் மார்க்கிங் கேஜால் (ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் கோடு கீறும் கருவி) பக்கவாட்டில் மையக்கோடு போட முடியும். 19-இல் வைத்து ஒரு முகத்திலிருந்து ஒரு கோடு, மறு முகத்திலிருந்து ஒரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மையம். இரட்டைக்கோடாக விழுந்தால் இரண்டுக்கும் நடுவே. முதலிலேயே கனத்தைச் சீவிவிட்டால் கேஜ் சாய்வைப் பிடித்துக்கொண்டு கோணலாக ஓடும்.

பிறகு அந்தப் பக்கவாட்டிலேயே கனத்தின் சாய்வை வரையுங்கள். பிடியின் எல்லையில் முழு 38, நுனியில் 16. நுனியில் ஒவ்வொரு முகத்திலிருந்தும் 11 மி.மீ. போகும். அறுத்து இழைத்தபின் முகத்தின் மையக்கோடு அழிந்திருக்கும். உடனே மறுபடி நூல் பிடித்துப் போடுங்கள்.

இப்போது பக்கவாட்டு மையக்கோட்டின் இரு பக்கமும் 3 மி.மீ. தள்ளி இரண்டு கோடுகள். இடையில் உள்ள 6 மி.மீ.தான் ஓரம். அந்தக் கோட்டிலிருந்து முகத்தின் மையக்கோடு வரை சாய்வாக இழைத்தால் ஓர் அலகுக்கு நான்கு சாய்முகங்கள் வரும். நுனிப்பக்கம் கனம் 16, ஓரம் 6 என்பதால் சாய்வின் இறக்கம் 5 மி.மீ.தான். அலகின் நடுவில் கனம் 27, அங்கே இறக்கம் பத்தரை. இந்த எண்களை அலகிலேயே எழுதி வையுங்கள். நான்கையும் ஒருசேர இழைத்து வாருங்கள்: ஒன்றில் பத்து சீவல் எடுத்தால் மற்ற மூன்றிலும் பத்து. ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் சமச்சீர் கைவிட்டுப் போகும்.

பிடிக்கு ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு பக்கமும் 9 மி.மீ. தள்ளிக் கோடு போட்டு எண்கோணமாக்குங்கள். பிறகு மூலைகளை மட்டும் உடைத்து மழுக்குங்கள். முழு உருளையாக்கிவிட்டால் அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது. முட்டை வடிவம் மிஞ்ச வேண்டும்.

கரைமணல்

பேண்ட்சா இல்லாதவருக்கு அறுப்பைப் பற்றி. பிடியின் இரு பக்கமும் 28 மி.மீ. கழிவு போக வேண்டும், அதுவும் அரை மீட்டர் நீளத்துக்கு. நீளவாக்கில் கைவாளால் அறுக்கலாம், ஆனால் அடிப்பக்கம் வாள் கோட்டை விட்டு ஓடினால் தெரியாது. அதைவிட, 5 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கே வாள்வெட்டு போடுங்கள், கோட்டுக்கு 2 மி.மீ. முன்னால் நிறுத்துங்கள். பிறகு கட்டை கட்டையாக உளியால் பெயர்த்துவிட்டு இழைப்புளியால் கோட்டுக்கு வரலாம். ஒரேயடியாகக் கோடு வரை உளியை வைக்க வேண்டாம். ரேகை கொஞ்சம் கீழே சாய்ந்தாலும் பிளவு கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், போன மரம் வராது. முதலில் மேல் பாதி மட்டும் பெயர்த்து, பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மீதி.

இழைக்கும் திசை இரண்டு இடத்தில் நேர் எதிர். அலகின் பக்கவாட்டை நுனியிலிருந்து பிடியை நோக்கி இழைக்க வேண்டும், ஏனென்றால் அகலம் அந்தப் பக்கம் இறங்குகிறது. முகத்தின் கனத்தைப் பிடியிலிருந்து நுனியை நோக்கி, ஏனென்றால் கனம் இந்தப் பக்கம் இறங்குகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்று நினைவில் வைத்தால் போதும். சாய்முகங்களில் மரமே சொல்லும்: சீவல் நீளமாகச் சுருண்டு வந்தால் சரி, இழைப்புளி தடதடத்துப் பொடியாக வந்தால் திரும்பி நின்று இழையுங்கள். சீடர் மென்மையான மரம் என்பதால் மொண்ணைக் கத்தி நாரை வெட்டாமல் நசுக்கிவிடும். கால் மணிக்கு ஒரு தடவையாவது கத்தியைத் தீட்டுங்கள்.

தோள் பற்றித் தச்சுமேடை சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. முதல் துடுப்புக்குத் தோளே வேண்டாம். பிடியின் 32-லிருந்து நேராக அலகுக்கு விரிந்து போனால் கை எங்கும் இடறாமல் சறுக்கும், செதுக்கவும் எளிது.

தச்சுமேடை

இரண்டு வகையும் கிரீன்லாந்தில் உண்டு, அதனால் எது அசல் என்ற பேச்சு வேண்டாம். தோள் இருந்தால் இருட்டிலும் குளிரில் விரல் மரத்தபோதும் கை நடுவில் இருக்கிறதா என்று தெரியும். தோளில்லாததில் கை மெல்ல ஒரு பக்கம் நகர்ந்துவிடும், புதியவருக்கு அது தெரிவதில்லை. ஆனால் தோளைச் செங்குத்துப் படியாக வெட்டாதீர்கள். அந்த உள்மூலையில்தான் முறிவு தொடங்கும். 16-லிருந்து 22-க்கு 4 செ.மீ. தூரத்தில் வழிந்து ஏறட்டும்.

மரவரி

ஓரத்தின் கனத்திலும் ஒரு வார்த்தை. 6 மி.மீ. தொடக்கத்துக்கு. இறுதியில் உருட்டி முடிக்கும்போது 4, 5 ஆகலாம். மெல்லிய ஓரம் சத்தமில்லாமல் நீரில் இறங்கும், உண்மைதான். பாறைக்கரையில் அது பல் பல்லாகப் பெயரும், கவ்விப் பிடிக்கும் உள்ளங்கையிலும் வெட்டும். ஆழ்ந்த நீரில் மட்டும் போகிறவர் 4-க்கு இறங்கட்டும், மற்றவர்கள் 5-இல் நிற்கட்டும்.

நான்கு சாய்முகம் வந்ததும் நடுவில் கூர்முகடு நிற்கும். நுனிப்பக்கம் அதை முழுவதும் மழுக்கி, வெட்டிப் பார்த்தால் கண் வடிவம் வருமாறு செய்யுங்கள். பிடிப்பக்கம் லேசான முகடு இருக்கட்டும், வலு அங்கே தேவை. சுரண்டு தகடு, பிறகு 80, 120, 220 உப்புத்தாள். 120 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார் எழுந்து நிற்கும். அதை 220-ஆல் எடுத்துவிட்டால் முதல் நாள் நீரில் சொரசொரப்பு வராது.

வார்னிஷ் வேண்டாம். கை வழுக்கும், கீறல் விழுந்த இடத்தில் நீர் உள்ளே போய்த் தோல் உரிவதுபோல் உரியும். டங் எண்ணெயோ கொதித்த ஆளிவிதை எண்ணெயோ, துணியால் தேய்த்து, அரை மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து எடுத்து, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது. மூன்று நான்கு பூச்சு. நுனி குடிக்கிற வரை நுனிக்கு மட்டும் கூடுதலாக, அங்கேதான் வெட்டுமுகம் திறந்திருக்கிறது. அல்லது நுனியில் 2 செ.மீ. அளவுக்கு எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்), அது எண்ணெய்க்கு முன். எண்ணெய் பட்ட மரத்தில் எபாக்சி ஒட்டாது.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள்.

நீர்க்கோடு

தோள் வைத்தே முடித்தேன், எடை 790 கிராம். எண்ணெய் காய்ந்து நீரில் இறக்கியதில் ஒரு சிக்கல்: வேகமாக இழுத்தால் அலகு நீருக்குள் இடமும் வலமுமாகப் படபடக்கிறது. காற்றுக்குமிழிச் சத்தமும் வருகிறது. எங்கே தவறு?

கரைமணல்

முதலில் ஒரு சோதனை. இரண்டு அலகும் படபடக்கிறதா, ஒன்று மட்டுமா?

இரண்டும் என்றால் பிடித்த கோணம். இந்த அலகை நீருக்குச் செங்குத்தாக வைத்து இழுக்கக் கூடாது. மேல் ஓரம் கொஞ்சம் முன்பக்கம், கயாக்கின் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் நீர் இரு ஓரத்திலும் மாறிமாறிச் சுழித்துப் போகும், அலகு காற்றில் அகப்பட்ட ஓலைபோல் ஆடும். சாய்த்தால் நீர் ஒரே பக்கம் வழிந்து போகும், ஆட்டம் நின்றுவிடும். குமிழிச் சத்தம் அலகு முழுதாக முங்குவதற்கு முன்பே இழுக்கத் தொடங்குவதால் வருவது. புதைத்துவிட்டு இழுங்கள்.

நீர்க்கோடு

சாய்த்துப் பார்த்தேன். குமிழிச் சத்தம் போய்விட்டது. ஓர் அலகு அமைதியாகிவிட்டது, மற்றது இன்னும் லேசாக ஆடுகிறது. ஆடும் அலகின் நடுவில் இடது ஓரம் 4 மி.மீ., வலது ஓரம் 7 மி.மீ.

தச்சுமேடை

அப்படியென்றால் வடிவம்தான். எந்தச் சாய்முகம் என்று கண்டுபிடிக்காமல் இழைப்புளியை எடுக்காதீர்கள். நல்ல அலகின் நடுவில், ஓரத்திலிருந்து முகடு வரையான வளைவுக்கு ஓர் அட்டை வெட்டுங்கள். அதே தூரத்தில் ஆடும் அலகின் நான்கு சாய்முகத்திலும் புரட்டிப் புரட்டி வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். அட்டை எங்கே முகட்டில் உட்காராமல் ஓரத்தில் தாங்கி நிற்கிறதோ அங்கே மரம் அதிகம்.

நீர்க்கோடு

முன்முகத்தில் வலது சாய்முகம் ஒன்றுதான். மற்ற மூன்றிலும் அட்டை உட்கார்ந்துவிட்டது.

தச்சுமேடை

அப்போது அந்த ஒன்றை மட்டும் தொடுங்கள். ஓரத்தில் 3 மி.மீ. குறைந்து, முகட்டை நெருங்கும்போது ஒன்றுமில்லாமல் கரைய வேண்டும். பின்முகத்திலிருந்து எடுத்தாலும் ஓரம் 4-க்கு வரும், ஆனால் அந்த ஓரம் முழுவதும் முன்பக்கம் தள்ளி நிற்கும், ஆட்டம் போகாது. இழைப்புளியால் 2 மி.மீ., மீதியைச் சுரண்டு தகட்டால். எண்ணெய் ஊறிய மரத்தில் உப்புத்தாள் உடனே அடைத்துக்கொள்ளும், அதை 220-க்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அலகின் நடுவில் மட்டும் அல்ல, நுனிக்கு ஒரு சாண் முன்னாலும் தோளுக்கு ஒரு சாண் தள்ளியும் தனித்தனி அட்டை வெட்டிப் பாருங்கள். மூன்று இடத்திலும் உட்கார்ந்தபின் சீவிய இடத்துக்கு மட்டும் இரண்டு பூச்சு எண்ணெய் போதும். இரண்டு ஓரமும் 4-இல் நிற்பதால் கரையில் ஊன்றி எழும்போது அந்த அலகை ஊன்றாதீர்கள்.

மரவரி

ஊன்றும் அலகை அடையாளம் தெரிய, பிடியில் அந்தப் பக்கம் ஒரு சிறு வெட்டு போட்டுக்கொள்ளுங்கள். பெருவிரலுக்குத் தட்டுப்படும் அளவு, அரை மி.மீ. ஆழம். குறுக்கே வேண்டாம், ரேகையோடு நீளவாக்கில்.